பிளெனிம் பூங்காவும் பெருவிரல் அடையாளமும்

அரண்மனைகளைக் காணச் செல்வோர் மன்னரையும் மந்திரியையும் படைத்தலைவரையும் பற்றிய கதைகளைக் கேட்டுத் திரும்புவது வழக்கம். நாமோ ஒரு நாயின் கதையைத் தேடி ஓர் அரண்மனைக்குப் போனோம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்று கண்டவையும் அதன் பின்னர் நாம் கேட்டறிந்தவையும், நாய்க்குட்டி வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு கோடைகாலத்தில் இலண்டனில் வாழும் எமது தம்பியாரின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். தம்பியாருக்கு ஒரே மகள்; வயது பன்னிரண்டு. அவளுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும். அதுவும் கண்ட நாய்க்குட்டி அன்று. கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்னும் சாதிச் சிறு நாயே வேண்டும். அவளுடைய பாடசாலைத் தோழியின் வீட்டில் அப்படி ஒன்று உண்டாம். பட்டுப் போன்ற உரோமம், தோளில் தொங்கும் நீண்ட செவிகள், நீர் ததும்புவது போன்ற பெரிய கரிய கண்கள். மடியில் ஏறி அமர்ந்தால் இறங்க மனம் வராத சுபாவமாம்.

தம்பியாரோடு வசிக்கும் எமது தாயாருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டிலும் நாய்கள் இருந்தனதாம். ஆனால், அவை வளவைக் காத்த நாய்கள்.

"நாய் எண்டால் படலையடியிலை கிடக்கிறது. அதைக் கட்டிலிலை ஏத்தி வைக்கிறதோ?" என்று அவர் கேட்டார்.

"பெரியப்பா, நீங்களாவது அப்பம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்று பிள்ளை எம்மிடம் முறையிட்டாள்.

இருவரில் எவருக்கும் மாறாகப் பேச எமக்குத் துணிவில்லை. "அந்த நாயின் சொந்த ஊரை முதலில் போய்ப் பார்ப்போம், முடிவைப் பிறகு எடுப்போம்" என்று சொல்லி வைத்தோம். நாம் நழுவுவதற்காகச் சொன்னதை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை விடியுமுன்னரே எம்மை எழுப்பிவிட்டாள்.

வெற்றிக்குக் கிடைத்த வெகுமதி

இலண்டனிலிருந்து ஒக்ஸ்போர்ட் நகருக்குப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து வடமேற்கே எட்டு மைல் தூரத்தில் வூட்ஸ்டொக் என்னும் சிற்றூர் உண்டு. தேன் நிறக் கல்லாலான வீடுகளும், கூட்டமில்லாத கடைவீதியும், பழைய தேவாலயமுமாக அவ்வூர் அமைதியாக இருக்கிறது. வீதியின் முடிவில் ஒரு பெரிய கல் வளைவு. அதனைக் கடந்ததும் கண் எதிரே விரியும் காட்சியைக் கண்டு சற்று நின்றுவிட்டோம். இடப்புறம் அரண்மனை, நடுவே ஏரி, ஏரியின் மீது ஒரு கம்பீரமான பாலம், அப்பால் புல்வெளி, புல்வெளியின் உயரத்திலே 134 அடி உயர வெற்றித் தூண். இதுவே பிளெனிம் அரண்மனை.

1704 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 13 ஆம் நாள், ஜேர்மனியிலே டான்யூப் நதிக்கரையில் உள்ள பிளெனிம் என்னும் கிராமத்தருகே ஒரு பெரும் போர் நடந்தது. மார்ல்பரோ கோமகன் ஜோன் சேர்ச்சிலும் அவருடைய நேசப்படையினரும் பிரெஞ்சு, பவேரியப் படைகளை அங்கே முறியடித்தனர். அதற்குக் கைம்மாறாக ஆன் மகாராணியார் வூட்ஸ்டொக் நிலத்தை அவருக்கு வழங்கினார். 1705 இல் மாளிகை வேலை தொடங்கியது. பிற்காலத்தில் அதே குடும்பத்தில், அதே மாளிகையில், 1874 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் பிறந்தவரே வின்ஸ்டன் சேர்ச்சில். 1965 இல் அவர் காலமானபோது அருகிலுள்ள பிளேடன் தேவாலய முற்றத்திலே அவரை அடக்கம் செய்தனர். 1987 முதல் இவ்வரண்மனை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இவையெல்லாம் வழிகாட்டிகள் சொல்லும் கதைகள். எமது பெண் கேட்க வந்த கதை வேறு.

பெருவிரல் பதிந்த கதை

முதலாம் மார்ல்பரோ கோமகன் செந்நிறமும் வெள்ளையும் கலந்த சிறிய ஸ்பானியல் நாய்களை வளர்த்தார். வேட்டைக்குப் போகையில் அவை குதிரையின் நடைக்கு ஈடுகொடுத்து ஓடுமாம். கோமகன் போர்க்களத்தில் இருந்தபோது அவர் மனைவி சாரா, செய்தி வராமல் தவித்துக்கொண்டு இங்கிலாந்திலே காத்திருந்தார். அவ்வேளை சினைப்பட்டிருந்த ஒரு ஸ்பானியல் அவர் மடியில் கிடந்தது. கவலை மிகுதியால் அவர் அதன் உச்சந்தலையைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தடவிக்கொண்டே இருந்தாராம். வெற்றிச் செய்தி வந்தது, குட்டிகளும் பிறந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் பெருவிரல் பதிந்தாற்போல ஒரு செந்நிறப் புள்ளி! இன்றும் செந்நிறமும் வெள்ளையுமான கவலியர் நாய்க்குப் "பிளெனிம்" என்றே பெயர். அந்தப் புள்ளிக்குப் "பிளெனிம் புள்ளி" என்று பெயர்.

தாய் நாயின் தலையைத் தடவினால் குட்டியின் தலையில் அடையாளம் விழாது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அறிவாள். "கதைதானே, பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஆயினும் மனிதனின் பெருவிரல் இந்த நாயின் தலையில் உண்மையாகவே பதிந்திருக்கிறது என்பதை அன்று மாலைக்குள் அறிந்துகொண்டோம்.

ஏரிக்கரையோரமாக நடந்தோம். நாய்களை வாரிலே பிடித்துக்கொண்டு பலர் உலாவினர். எமக்கு முன்னே ஒரு முதியவர் சென்றார். அவருடன் செந்நிறமும் வெள்ளையுமான ஒரு கவலியர். உச்சியிலே புள்ளியும் இருந்தது. பிள்ளை ஓடிப்போய், அனுமதி கேட்டுக்கொண்டு, அதனருகே குந்தினாள். அது வாலை ஆட்டிக்கொண்டு அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தது. பிறகு சிறிய ஏற்றம் ஒன்று வந்தது. நான்கு அடி வைத்ததும் நாய் நின்றுவிட்டது. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல இருமியது. முதியவர் ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இதற்கு என்ன நோய்?" என்று பிள்ளை கேட்டாள்.

"இதயம்" என்றார் அவர். "எட்டு வயதாகிறது. நாங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம். தாயின் இதயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை."

அதன் பின் வூட்ஸ்டொக் வீதியில் தேநீர் அருந்தும்வரை பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சித்திரத்திலிருந்து வந்த நாய்

அந்த முதியவரின் சொல் எம் மனதையும் விட்டு அகலவில்லை. இலண்டனுக்குத் திரும்பியபின் நூல்களைப் புரட்டினோம், அறிந்தவர்களிடம் கேட்டோம். இந்தச் சாதியின் வரலாறு வியப்பானது.

சிறு ஸ்பானியல்கள் ஆங்கிலேய அரச குடும்பத்தின் பழைய செல்வங்கள். முதலாம் சார்ள்ஸ் மன்னரின் பிள்ளைகளை ஓவியர் வான் டைக் தீட்டிய படங்களில் அவை பிள்ளைகளின் காலடியில் நிற்கின்றன. 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்ள்ஸ் மன்னரோ அவற்றைப் பிரிந்தறியார். அதனாலேயே அவர் பெயர் அவற்றுக்கு வாய்த்தது. இந்த நாய்கள் நாடாளுமன்றத்துக்குள்ளும் போகலாம் என்று அவர் சட்டம் செய்தார் எனப் பலர் இன்றும் சொல்வர். அத்தகைய சட்டம் எதுவும் ஏட்டில் இல்லை.

அக்காலச் சித்திரங்களில் உள்ள நாய்க்கு மூக்கு நீண்டது, தலை தட்டையானது. பின்னர் கீழ்த்திசையிலிருந்து வந்த சப்பை மூக்கு நாய்கள் நாகரிகமாயின. அவற்றோடு கலந்து, விக்டோரியா மகாராணியாரின் காலம் முடிவதற்குள் ஸ்பானியலின் மூக்கும் உள்ளே போய்விட்டது, தலையும் குவிந்துவிட்டது. மகாராணியாரே டாஷ் என்னும் சிறு ஸ்பானியலை வளர்த்தவர். 1838 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள், முடிசூட்டு விழா முடிந்து வந்ததும் அவர் டாஷைக் குளிப்பாட்டப் போனார் என்பர்.

1926 ஆம் ஆண்டில் ரொஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கர், பழைய ஓவியங்களில் உள்ள நீள்மூக்கு ஸ்பானியலை இங்கிலாந்தில் தேடி வந்தார். எங்கும் காணவில்லை. எனவே, கிரப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பழைய அமைப்புக்கு மிக நெருங்கிய நாய்க்கு 25 பவுண் பரிசு என்று அறிவித்தார். நீண்ட முகம், தட்டையான தலை, உச்சி நடுவே புள்ளி, இவையே அவர் கேட்டவை. முதலில் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1928 இல் ஆன்ஸ் சன் என்னும் நாய் அப்பரிசை வென்றது. அதனையே முன்மாதிரியாகக் கொண்டு அதே ஆண்டில் கவலியர் சங்கமும் தோன்றியது. தாம் தேடிய நாய் நிலைபெறுவதைக் காண எல்ட்ரிட்ஜ் வாழவில்லை. அவரும் 1928 இல் காலமானார். 1945 இல் கெனல் கிளப் இதனைத் தனிச் சாதியாக ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போரிலே மன்னர் பக்கம் நின்றவர்களைக் குறித்த "கவலியர்" என்ற சொல் அதன் பெயரில் நிலைத்தது. 1973 இல் ஒரு கவலியர் கிரப்ட்ஸ் கண்காட்சியின் தலைசிறந்த பரிசையே வென்றது. பின்னர் உலகெங்கும் அதற்குக் கிராக்கி ஏற்பட்டது.

அழகின் விலை

ஆனால், இந்தச் சாதி மிகச் சில நாய்களிலிருந்து பெருகியது. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்தனர். தேர்ந்தெடுத்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. அதன் பலன் இரண்டு நோய்கள்.

முதலாவது இதய நோய். இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கி, இரத்தம் பின்னோக்கிக் கசியும். எல்லா நாய்களுக்கும் முதுமையில் இது வரலாம். கவலியருக்கோ இளமையிலேயே வருகிறது. ஐந்து வயதாகும்போது ஏறக்குறைய அரைவாசி நாய்களின் மார்பில் வைத்தியருக்கு முறுமுறுப்பு ஒலி கேட்கும். பத்து வயதுக்குள் பெரும்பாலானவற்றுக்கு அது வந்துவிடும்.

இரண்டாவது தலை நோய். மண்டையோட்டின் பின்புறம் மூளைக்குப் போதிய இடமின்றிச் சிறுத்துவிட்டது. அதனால் மூளையின் ஒரு பகுதி கழுத்துப் பக்கமாக நெருக்கப்படுகிறது. மூளையைச் சூழ்ந்த திரவம் தடையின்றி ஓட முடியாமல் முள்ளந்தண்டின் உள்ளே குழிகளை உண்டாக்குகிறது. இதற்குச் சிரிங்கோமைலியா என்று பெயர். நோயுற்ற நாய் நடக்கையிலே கழுத்தைத் தொடாமல் காற்றிலே சொறிந்துகொள்ளும். தூக்கினால் வலியால் கத்தும். 2008 ஆம் ஆண்டு பீ.பீ.சி. ஒளிபரப்பிய ஒரு விவரணப் படம் இதனை உலகுக்குக் காட்டியது. அதன் பின் எழுந்த வாதத்தால் 2009 முதல் கிரப்ட்ஸ் கண்காட்சியை அந்நிறுவனம் ஒளிபரப்பாது விட்டது.

சாராவின் பெருவிரல் கதை கட்டுக்கதையாக இருக்கலாம். அந்தத் தலையை மனிதர் கை அழுத்தியது கட்டுக்கதை அன்று.

நோர்வே நாட்டில் இவ்விடயம் நீதிமன்றத்துக்கே சென்றது. விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2022 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் கவலியர் நாய்களை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 2023 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கவலியர் பற்றிய முடிவை உறுதி செய்தது. வேறு சாதிகளோடு கலந்து நோயைக் குறைக்கலாம் என்போர் ஒரு பக்கம். சோதனை செய்து, தகுந்தவற்றை மட்டும் பெருக்கினால் போதும் என்போர் மறு பக்கம். பின்னவர்களுக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. டென்மார்க்கில் இதயச் சோதனையில் தேறிய நாய்களை மட்டுமே பெற்றோராக்கும் விதியை நடைமுறைப்படுத்தினர். எட்டுப் பத்து ஆண்டுகளில் இந்நோய்க்கான அபாயம் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று 2016 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மனிதர் கவனமின்றித் தேர்ந்தெடுத்ததால் வந்த கேட்டை, கவனமாகத் தேர்ந்தெடுத்துக் குறைக்கவும் முடியும் என்பதே இதன் பொருள்.

தாயைப் பார்

இவற்றையெல்லாம் தம்பியாருக்கும் பிள்ளைக்கும் சொன்னோம். பிள்ளை சோர்ந்துபோவாள் என்று எண்ணினோம். "அப்படியென்றால் நல்லதாகத் தேடுவோம்" என்றாள் அவள்.

முதலில் ஒரு விளம்பரத்தைக் கண்டு தம்பியார் தொலைபேசியில் பேசினார். விலை மலிவு, குட்டி உடனே கிடைக்கும், வீட்டுக்கு வரவேண்டாம், பெருவீதியோரத்து வாகனத் தரிப்பிடம் ஒன்றில் கொண்டுவந்து தருவோம் என்றனர். "தாயைப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது, தாய் வேறொருவர் வீட்டில் இருப்பதாகப் பதில் வந்தது. தம்பியார் அத்துடன் பேச்சை முடித்துக்கொண்டார்.

அவர் செய்தது சரி. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் வியாபாரமாக விற்கலாகாது. வளர்த்தவரிடம் தாயுடன் பார்த்தே வாங்கவேண்டும். அதற்கு "லூசியின் சட்டம்" என்று பெயர். லூசி ஒரு கவலியர் நாய். வேல்ஸ் நாட்டிலே குட்டி போடுவதற்காக மட்டும் கூண்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 2013 இல் மீட்கப்பட்டபோது முதுகு வளைந்து, உரோமம் உதிர்ந்து, நடக்கவும் இயலாத நிலையில் இருந்தது. 2016 இல் அது இறந்தது. அதன் பெயரால் பொதுமக்கள் நடத்திய இயக்கமே சட்டமாயிற்று. மலிவாகக் கிடைக்கும் அழகிய குட்டியின் பின்னே இத்தகைய தாய் ஒன்று எங்கோ கூண்டில் கிடக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

பிறகு, நாட்டுப்புறக் கிராமம் ஒன்றில் நீண்டகாலமாகக் கவலியர் வளர்க்கும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போனோம். தாய் நாய் அடுப்படியில் படுத்திருந்தது. எம்மைக் கண்டு ஒளியவுமில்லை, உறுமவுமில்லை. அவர் ஒரு கோப்பை எடுத்து வந்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு நாய்க்கும் இதய வைத்தியரின் அத்தாட்சி, கண் சோதனை, தலையின் எம்.ஆர்.ஐ. படம். தாய்க்கும் தந்தைக்கும் இரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அவற்றைப் பெற்ற நாய்களின் இதயம் ஐந்து வயதிலும் பழுதற்றிருக்க வேண்டும். இதுவே அவர் கைக்கொள்ளும் விதி.

நாம் அவரை விசாரிக்கச் சென்றோம். அவரோ எம்மை விசாரித்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்? நாய் எங்கே உறங்கும்? பிள்ளைக்குப் பரீட்சை வந்தால் யார் நடத்திச் செல்வார்? இது பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடிய உயிர். அதற்குள் பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடுவாளே, அப்போது யார் பொறுப்பு? தம்பியார் விழித்தார். "அப்பம்மா வீட்டில் இருப்பா" என்றாள் பிள்ளை. அப்பம்மாவின் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை என்பதை நாம் சொல்லவில்லை.

"இப்போது குட்டி இல்லை. இந்தத் தாய்க்கு அடுத்த சோதனை முடியவேண்டும். தேறினால் குளிர்காலம் கழிந்தபின் குட்டிகள் பிறக்கும். தேறாவிட்டால் இல்லை. காத்திருப்பாயா?" என்று மூதாட்டி கேட்டார். பிள்ளை தலையசைத்தாள்.

பேணும் முறை

மூதாட்டி அன்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை அவள் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்தாள். அவற்றின் சாரத்தை வாசகர்களுக்கும் தருகிறோம்.

குட்டிக்கு எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கண்கள் தெளிவாக இருக்கவேண்டும். செவியில் துர்நாற்றம் கூடாது. வயிறு ஊதியிருக்கக் கூடாது. மூலையில் ஒடுங்கும் குட்டியைப் பரிதாபம் பார்த்து எடுக்க வேண்டாம். எவரையும் மிதித்துக்கொண்டு முந்தும் குட்டியும் வேண்டாம். தானாக வந்து முகர்ந்து பார்த்து மடியில் அமைதியாகும் குட்டியே குடும்பத்துக்கு ஏற்றது. நிறத்தைக் கடைசியாகப் பார்க்கவேண்டும். பிளெனிம், மூவர்ணம், மாணிக்கச் சிவப்பு, கருமையும் பழுப்பும் என நால்வகை நிறமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல.

வளர்ந்த கவலியர் 13 முதல் 18 இறாத்தல் வரை நிறை கொள்ளும். உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல். அது உணவுப் பிரியன். அதன் கண்களைப் பார்த்து இரங்கி உணவு கொடுப்பவர் அதற்குப் பகைவர் ஆவார். உடல் பருத்தால் இதயத்துக்குச் சுமை. குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, வளர்ந்த நாய்க்கு இரு வேளை, அளந்தே கொடுக்கவேண்டும். எமது வீடுகளில் எஞ்சிய கறிச்சோற்றை நாய்க்கு வைப்பது வழக்கம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்பதைப் பலர் அறியார். சொக்கலேட், திராட்சை, முந்திரிகை வற்றல் ஆகியவையும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும்.

உரோமத்தைக் கத்தரிக்க வேண்டியதில்லை. செவிகளின் பின்னும் கால்களின் பின்னும் சிக்கு விழாதபடி நாள்தோறும் சில நிமிடம் சீவினால் போதும். தொங்கும் செவிக்குள் காற்று புகாததால் ஈரம் தங்கிப் புண்படும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். குளித்தபின் நன்கு துடைக்கவேண்டும். பல் துலக்குவதும் பழக்கவேண்டியதே. கழுத்துப் பட்டியிலும் மார்பைச் சுற்றிக் கட்டும் வார் நல்லது. நோவுள்ள கழுத்தை அது இழுக்காது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர நடை வேண்டும். எம் நாட்டில் இத்தகைய நாயை வளர்ப்போர் வெயில் ஏறுமுன்னும் சாய்ந்தபின்னுமே நடத்திச் செல்லவேண்டும். உண்ணி பார்ப்பதும் தவறலாகாது.

எல்லாவற்றிலும் மேலாக, இந்த நாய் தனிமையைத் தாங்காது. தலைமுறை தலைமுறையாக மடிக்கென்றே வளர்க்கப்பட்டது. காலையில் பூட்டிவிட்டு மாலையில் திறக்கும் வீடு அதற்குச் சிறைச்சாலை.

ஆண்டுதோறும் மிருக வைத்தியர் இதயத்தைக் கேட்கவேண்டும். ஒலி கேட்டதாற் பயந்துவிடத் தேவையில்லை. பல நாய்கள் அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன. உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணிப் பழகவேண்டும். முப்பதுக்கு மேல் தொடர்ந்து போனால் வைத்தியரிடம் செல்லவேண்டும். இதயம் பெருத்த நிலையில் பிமோபென்டன் என்னும் மருந்தைத் தொடங்கினால் இதயம் செயலிழப்பதை ஏறக்குறைய 15 மாதம் பிற்போடலாம் என்று 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நாயின் வாழ்வில் 15 மாதம் சிறிது அன்று. பிளெனிம் ஏரிக்கரை முதியவரும் அந்த மாதங்களையே தோளில் சுமந்து சென்றார் போலும்.

வந்த விருந்து

நாம் ஊர் திரும்பினோம். மாதங்கள் கழிந்தன. தாய் நாய் சோதனையில் தேறியது. இவ்வாண்டு வசந்தகாலத்தில் குட்டிகள் பிறந்தன. எட்டு வாரம் நிறைந்ததும் அவற்றுள் ஒன்று தம்பியார் வீட்டுக்கு வந்தது. மூவர்ணக் குட்டி. உச்சியிலே புள்ளி இல்லை. பெயர் முத்து.

அது வந்த இரண்டாம் வாரம் பிள்ளை தொலைபேசியில் எம்முடன் பேசினாள். மூச்சை எண்ணுகிறாளாம், பத்தொன்பதாம், இருபதாம். பாடசாலை நாட்களில் தான் இல்லாதபோது அப்பம்மாவே எண்ணிக் கொப்பியில் குறித்து வைக்கிறார் என்றாள். நம்ப முடியாமல் தாயாரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னோம்.

"என்னம்மா, நாய் இப்ப கட்டிலிலையாமே?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு தாயார் சொன்னார்:

"படலை இல்லாத ஊரிலை அது வேறை எங்கை கிடக்கிறது?"